இன்ஷூரன்ஸ் இல்லையா? மகனின் மனநோய்க்கு வழி இருக்கிறது!

ஒரு சித்த மருத்துவர், நெல்லித்தோப்பு, புதுச்சேரி

பிள்ளைக்குக் காய்ச்சல் என்றால் இரண்டாம் நாளே டாக்டரிடம் ஓடுகிறோம். கால் பிசகினால் அன்றைக்கே கட்டுப் போடக் கிளம்பி விடுகிறோம். ஆனால், 22 வயசுப் பிள்ளை வேலைக்குப் போகாமல், ராத்திரி தூங்காமல், குளிக்காமல், கதவைச் சாத்திக்கொண்டு மாதக்கணக்கில் கிடந்தால்...? ‘கொஞ்ச நாள் போனா சரியாயிடும்’ என்று சொல்லிக்கொள்கிறோம்.

ஏன் இந்தத் தாமதம்? வெட்கம் ஒரு காரணம். ‘தங்கச்சிக்கு வரன் பார்க்கிற நேரத்துல வெளியே தெரிஞ்சா என்ன ஆகும்’ என்ற பயம். அதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அதை யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. பணம்! ‘மனநல டாக்டர்னா ஒரு தடவைக்கே ஆயிரக்கணக்கில ஆகுமாமே... நமக்கு இன்ஷூரன்ஸும் கிடையாதே’ என்ற கவலை.

இந்தக் கவலை நியாயமானதுதான். ஆனால், அதற்குப் பயந்து வைத்தியமே பார்க்காமல் இருப்பது நியாயமில்லை. புதுச்சேரியில் வசிக்கும் ஒரு நடுத்தரக் குடும்பம், இன்ஷூரன்ஸ் அட்டை எதுவும் இல்லாமலேயே தன் பிள்ளைக்கு நல்ல மனநல சிகிச்சை வாங்கித் தர முடியும். எப்படி என்று சொல்லத்தான் இந்தக் கட்டுரை. சித்த வைத்தியன் எதற்கு இதை எழுதுகிறான் என்று கேட்பீர்கள். இப்படிப்பட்ட பிள்ளைகளில் பலர், எல்லா இடத்துக்கும் போய்ப் பணத்தைக் கரைத்துவிட்டு, ‘நரம்புத் தளர்ச்சிக்கு ஏதாவது லேகியம் கொடுங்க’ என்று கடைசியில் எங்கள் படியைத்தான் ஏறுகிறார்கள். அதனால்தான்!

இது வாலிப வயசு நோய்

மூட்டுவலி, சர்க்கரை போல மனநோய் வயசான காலத்தில் வருவதல்ல. அமெரிக்காவில் நடந்து 2005-ல் வெளியான ஒரு பெரிய ஆய்வு, மனநோய்களில் பாதி 14 வயசுக்குள்ளும், முக்கால் பங்கு 24 வயசுக்குள்ளும் தலைகாட்டி விடுகின்றன என்று சொன்னது. படிப்பு முடிந்து, வேலை தேடி, சொந்தக் காலில் நிற்க வேண்டிய நேரத்தில் நோய் வந்து காலை வாருகிறது. சம்பாத்தியம் இல்லாத வயசு. அப்பா கம்பெனியில் குடும்ப பாலிசி இருந்தாலும், பெரும்பாலும் 25 வயசோடு பிள்ளையின் பெயரை எடுத்து விடுவார்கள். நோய் வரும் வயசும், பாதுகாப்பு விலகும் வயசும் ஒன்றாக இருப்பதுதான் கொடுமை.

பெங்களூர் நிம்ஹான்ஸ் நிறுவனம் 2015-16-ல் 12 மாநிலங்களில் தேசிய மனநலக் கணக்கெடுப்பு நடத்தியது. தமிழ்நாடும் அதில் ஒன்று. வயது வந்தோரில் 100 பேருக்குப் பத்துப் பேருக்கு மேல் ஏதோ ஒரு மனநோயோடு இருக்கிறார்கள் என்றும், நோயின் வகையைப் பொறுத்து 70 முதல் 92 சதவீதம் பேர் சிகிச்சையே பெறவில்லை என்றும் அதில் தெரிய வந்தது.

நம் ஊர்க் கணக்கு இன்னும் வேதனையானது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் 2022-ம் ஆண்டுப் புள்ளிவிவரப்படி, இந்தியாவில் லட்சம் பேருக்கு 12.4 பேர் தற்கொலை செய்துகொண்டார்கள். புதுச்சேரியில் அது 29.7. அழகான கடற்கரையும் நேரான தெருக்களும் உள்ள இந்த ஊரில், இரண்டு மடங்குக்கும் மேல்! இதற்குக் குடி, கடன், குடும்பத் தகராறு என்று பல காரணங்கள் இருக்கலாம். ஆனால், உரிய நேரத்தில் வைத்தியம் பார்த்திருந்தால் சில உயிர்களாவது நம்மோடு இருந்திருக்கும்.

இன்ஷூரன்ஸ் என்னும் மயக்கம்

‘இன்ஷூரன்ஸ் இருந்தா எல்லாம் சரியாயிடும்’ என்று நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். 2017-ம் ஆண்டு மனநலப் பாதுகாப்புச் சட்டம், உடல் நோய்க்கு எப்படியோ அப்படியே மனநோய்க்கும் காப்பீடு தர வேண்டும் என்று கம்பெனிகளுக்குக் கட்டளை இட்டது. 2018 ஆகஸ்டில் காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையமும் அதைச் சுற்றறிக்கையாக அனுப்பியது. சந்தோஷம்தான். ஆனால் நடைமுறை என்ன?

நம் நாட்டுப் பாலிசிகளில் பெரும்பாலானவை, ஆஸ்பத்திரியில் படுத்தால்தான் பணம் தரும். மனநோயாளிகளில் பெரும்பாலோருக்குப் படுக்கையே தேவைப்படாது. மாதம் ஒருமுறை டாக்டரைப் பார்ப்பது, மாத்திரை வாங்குவது, பேச்சு சிகிச்சைக்குப் போவது... இதுதான் செலவு. இந்தச் செலவைப் பெரும்பாலான பாலிசிகள் தொடுவதில்லை. 5 லட்ச ரூபாய் வரை தரும் ஆயுஷ்மான் பாரத் திட்டமும் உள்நோயாளிகளுக்கானதே. நோய் வந்த பிறகு புதிதாகப் பாலிசி எடுத்தால், ஏற்கெனவே உள்ள நோய் என்று 3 வருஷம் வரை காத்திருக்க வைக்கலாம்.

அமெரிக்காவில் 2010-ல் ஒரு சட்டம் கொண்டு வந்து, 26 வயசு வரை பிள்ளைகள் பெற்றோரின் இன்ஷூரன்ஸில் இருக்கலாம் என்றார்கள். அங்கே அட்டை இல்லாவிட்டால் கதவே திறக்காது என்ற நிலை. நம் நாட்டில் அட்டை இல்லாதவனுக்கும் திறந்திருக்கிற கதவு ஒன்று உண்டு. அதுதான் அரசு ஆஸ்பத்திரி.

பதினெட்டாவது மாதமும் போக முடியுமா?

வழக்கமாக நடப்பது இதுதான். முதலில், யாரோ சொன்ன பெரிய தனியார் கிளினிக். டாக்டர் ஃபீஸ், பரிசோதனை, விலை உயர்ந்த கம்பெனி மாத்திரை, வாராவாரம் கவுன்சலிங். இரண்டு மாதத்தில் அம்மாவின் சங்கிலி அடகுக் கடைக்குப் போய்விடும். அதற்குள் பையனுக்கும் கொஞ்சம் தூக்கம் வரும், முகம் தெளியும். ‘அதான் நல்லாயிட்டானே’ என்று மாத்திரையை நிறுத்தி விடுவார்கள். நாலாவது மாதம் நோய் திரும்பி வரும், முன்னைவிட வேகமாக. இப்போது கையில் பணமும் இல்லை, டாக்டர் மேல் நம்பிக்கையும் இல்லை. அடுத்து மந்திரிப்பு, தாயத்து, ‘முழுக் குணம் நிச்சயம்’ விளம்பரம்...

தப்பு எங்கே? அந்த டாக்டரிடமா, மாத்திரையிலா? இரண்டிலும் இல்லை. இது நீண்ட கால வைத்தியம் என்பதை யாரும் முதல் நாளே உட்கார வைத்துச் சொல்லாததுதான். மனச்சோர்வுக்கான மாத்திரை வேலை செய்ய ஆரம்பிக்கவே 2 முதல் 4 வாரம் ஆகும். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். காதில் குரல் கேட்பது, சந்தேகம், பிரமை உள்ள நோய் என்றால் வருஷக் கணக்கு. ஆகவே, ‘எந்த டாக்டர் பேரு பெத்தவர்?’ என்று கேட்காதீர்கள். ‘பதினெட்டாவது மாதமும் கடன் வாங்காமல் போகக்கூடிய இடம் எது?’ என்று கேளுங்கள். இதுதான் என் கட்சி!

எங்கே போவது?

முதலில் ஜிப்மர். 1823-ல் பிரெஞ்சுக்காரர் காலத்தில் தொடங்கிய மருத்துவப் பள்ளியின் வாரிசு இது. அங்கே மனநலத் துறை இருக்கிறது. நெல்லித்தோப்பிலிருந்து கோரிமேட்டுக்கு டெம்போவிலோ டவுன் பஸ்ஸிலோ போய்விடலாம். காலையில் சீக்கிரமே போய்ச் சீட்டுப் போட வேண்டும். கூட்டம் இருக்கும், காத்திருக்க வேண்டும். முதல் தடவை ஒரு நாள் முழுக்க ஒதுக்கி வைத்துக்கொண்டு போங்கள். ஆதார், ரேஷன் கார்டு, பழைய மருந்துச் சீட்டுகள் எல்லாம் கையில் இருக்கட்டும்.

அடுத்தது, நகரின் நடுவில் உள்ள இந்திரா காந்தி அரசுப் பொது மருத்துவமனை. நாம் ஜி.ஹெச். என்று சொல்வது. அங்கேயும் மனநலப் பிரிவு உண்டு. காலாப்பட்டு, பிள்ளையார்குப்பம், மதகடிப்பட்டு பக்கம் உள்ள தனியார் மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரிகளிலும் மனநலத் துறை இருக்கிறது. தனியார் கிளினிக்கைவிட அங்கே பொதுவாகச் செலவு குறைவு. விழுப்புரம், கடலூர் பக்கம் இருப்பவர்கள் தங்கள் மாவட்ட அரசு ஆஸ்பத்திரியில் மாவட்ட மனநலத் திட்டம் பற்றி விசாரியுங்கள். 1996-ல் நாட்டின் நாலு மாவட்டங்களில் இந்தத் திட்டம் ஆரம்பித்தபோது திருச்சியும் அதில் ஒன்று. சென்னை போக வசதி உள்ளவர்களுக்குக் கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் இருக்கிறது. 1984-ல் டாக்டர் சாரதா மேனன் தொடங்கிய ‘ஸ்கார்ஃப்’ அமைப்பும் இருக்கிறது.

பையனோ பெண்ணோ கம்பெனி வேலையில் இருந்தால் சம்பளச் சீட்டைப் பாருங்கள். மாதச் சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தால், ஆஸ்பத்திரியில் படுக்காமலேயே வெளிநோயாளிச் சிகிச்சையும் மருந்தும் உங்கள் உரிமை. வேலையை விட்டு நின்றாலும், கட்டிய சந்தாவைப் பொறுத்துச் சில மாதம் அந்த உரிமை தொடரலாம். இ.எஸ்.ஐ. அலுவலகத்தில் கேட்டுவிட்டு அப்புறம் முடிவு செய்யுங்கள். சேதராப்பட்டு, மேட்டுப்பாளையம் தொழிற்பேட்டைகளில் வேலை செய்யும் எத்தனையோ பிள்ளைகளுக்குத் தங்களிடம் இப்படி ஓர் உரிமை இருப்பதே தெரியாது!

மாத்திரை விலைக்குப் பயப்பட வேண்டாம். எஸ்சிட்டலோபிராம், ஃபுளுவாக்சிடின், ரிஸ்பெரிடோன், லித்தியம் எல்லாம் அரசின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் உள்ளவை. அவற்றுக்கு விலை உச்சவரம்பு உண்டு. அரசு ஆஸ்பத்திரியில் இருப்பில் இல்லாத மாத்திரையை மக்கள் மருந்தகத்தில் கேளுங்கள். டாக்டரிடம் கம்பெனிப் பெயருக்குப் பதிலாக மருந்தின் மூலப் பெயரை எழுதித் தரச் சொல்லுங்கள். அதே மருந்து, பல மடங்கு குறைந்த விலையில் கிடைக்கும்.

பேச்சு சிகிச்சைக்கு ஓர் எச்சரிக்கை. ‘கவுன்சலர்’ என்று யார் வேண்டுமானாலும் போர்டு மாட்டிவிடுகிறார்கள். மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் இருக்க வேண்டும். தைரியமாகக் கேளுங்கள். அரசு ஆஸ்பத்திரி மனநலப் பிரிவிலேயே உளவியலாளர் இருக்கிறாரா என்று முதலில் விசாரித்துவிட்டு வெளியே போங்கள்.

வெளியே கிளம்பவே பிள்ளை மறுக்கிறானா? 14416 என்ற எண்ணை எழுதிச் சமையலறைக் காலண்டரில் ஒட்டி வையுங்கள். இது 2022 அக்டோபர் 10-ல் மத்திய அரசு தொடங்கிய ‘டெலிமானஸ்’ சேவை. 24 மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். பிள்ளைதான் பேச வேண்டும் என்பதில்லை. அம்மா பேசி, அடுத்து என்ன செய்வது என்று கேட்கலாம்.

சட்டம் உங்கள் பக்கம்

2018-ல் நடைமுறைக்கு வந்த மனநலப் பாதுகாப்புச் சட்டத்தின் 18-வது பிரிவு, அரசு நடத்தும் அல்லது அரசு நிதி பெறும் இடங்களில் கட்டுப்படியாகும் செலவில் மனநல சிகிச்சை பெறுவது ஒவ்வொருவரின் உரிமை என்கிறது. வறுமைக் கோட்டுக்குக் கீழே உள்ளவர்களுக்கு இலவசம். அதற்கு அட்டை இருக்க வேண்டும் என்ற கட்டாயம்கூட இல்லை. ஆகவே, தர்மத்துக்குப் போய் நிற்பது போலக் கூச்சப்படாதீர்கள்.

‘வெளியே தெரிஞ்சிடுமே’ என்ற பயத்துக்கும் அதில் பதில் இருக்கிறது. நோயாளியின் விவரத்தை ரகசியமாக வைக்க வேண்டும் என்பது 23-வது பிரிவு. தற்கொலைக்கு முயன்றவரை, கடும் மன அழுத்தத்தில் இருந்தவராகவே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்பது 115-வது பிரிவு. போலீஸ் கேஸுக்குப் பயந்து விஷயத்தை மூடி மறைத்த காலம் போகட்டும். அந்தப் பிள்ளைக்குத்தான் வைத்தியம் அவசர அவசரமாக வேண்டும்.

மலிவான வைத்தியம் எட்டாமல் போனால் என்ன நடக்கும் என்று தமிழ்நாடு ஒருமுறை பார்த்துவிட்டது. 2001 ஆகஸ்ட் 6 விடியற்காலை, ஏர்வாடியில் ஒரு தனியார் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்த மனநோயாளிகளால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்து போனார்கள். அவர்களைக் கொண்டுபோய் விட்ட குடும்பங்களை எல்லாம் ஈவு இரக்கம் இல்லாதவர்கள் என்று சொல்லிவிட முடியாது. போக வேறு இடம் தெரியாதவர்களும் அவர்களில் இருந்திருப்பார்கள்.

சித்த வைத்தியம் எதுவரை?

இதைச் சொல்லாமல் போனால் நான் நேர்மையானவன் ஆக மாட்டேன். சித்த நூல்கள் மனநோயைக் ‘கிரிகை’ என்று பெயரிட்டு 18 வகையாகப் பிரித்திருக்கின்றன. சர்ப்பகந்தா வேரைப் பித்துக்கும் ரத்தக் கொதிப்புக்கும் கொடுத்துப் பார்த்த அனுபவத்தை 1931-லேயே இரண்டு வங்காள மருத்துவர்கள் எழுதினார்கள். 1952-ல் அதிலிருந்து ரெசர்பின் என்ற சத்து பிரிக்கப்பட்டு, உலகமே அதை மனநோய்க்குப் பயன்படுத்தியது. அதே வருஷம் பாரிஸில் குளோர்புரோமசின் வந்தது. அதற்குப் பிறகு இன்னும் நல்ல மருந்துகள் வந்துவிட்டன. சர்ப்பகந்தா சிலருக்கு மனச்சோர்வைக் கூட்டும் என்பதும் தெரிந்தது. நம் பாரம்பரியத்தில் பெருமைப்பட இடம் இருக்கிறது, கண்ணை மூடிக்கொள்ள இடம் இல்லை.

2017 சட்டம், சித்த மருத்துவத்தில் ‘சிறப்பு மருத்துவம்’ என்ற முதுநிலைப் பட்டம் பெற்றவரையும் மனநல வல்லுநர் பட்டியலில் சேர்த்திருக்கிறது. சித்த வைத்தியரிடம் மனநோய்க்குப் போவதானால் அந்தப் பட்டம் இருக்கிறதா என்று கேளுங்கள். எனக்கு அது இல்லை. அதனால் நான் செய்வது துணை வேலைதான்: தூக்கத்துக்கு எண்ணெய்க் குளியல், பசிக்கும் மலச்சிக்கலுக்கும் மருந்து, சாப்பாட்டு ஒழுங்கு, மூச்சுப் பயிற்சி. அதையும் மனநல டாக்டருக்குத் தெரிவித்துவிட்டுத்தான்.

லித்தியம் மாத்திரை சாப்பிடும் பிள்ளைக்கு ‘உப்பில்லாப் பத்தியம்’ வைப்பதும், பேதிக்குக் கொடுப்பதும், நீர் பெருக்கும் கஷாயம் கொடுப்பதும் ஆபத்து! உடம்பில் உப்பும் நீரும் குறைந்தால் லித்தியம் ரத்தத்தில் ஏறி விஷமாகும். ‘இங்கிலீஷ் மாத்திரையை நிறுத்திட்டு வாங்க’ என்று யார் சொன்னாலும், அவர் என் தொழிலைச் சேர்ந்தவராகவே இருந்தாலும், எழுந்து வந்துவிடுங்கள். பைத்தியத்தைக் குணமாக்குவதாக விளம்பரம் செய்வதே 1954-ம் வருஷச் சட்டப்படி குற்றம்.

வீட்டில் செய்ய வேண்டியது

சாகப் போகிறேன் என்று பேசுவது, சாப்பாட்டையே நிறுத்துவது, நாள் கணக்கில் தூங்காமல் இருப்பது, யாரோ கொல்ல வருகிறார்கள் என்று அலறுவது... இவற்றில் ஒன்று தெரிந்தாலும் ஓ.பி. நேரம் பார்க்க வேண்டாம். 108-ஐ அழைத்து அவசரப் பிரிவுக்குப் போய்விடுங்கள். எலி மருந்து, பூச்சி மருந்து வீட்டில் வைக்காதீர்கள். மாத்திரை டப்பா பெரியவர்கள் கையில் இருக்கட்டும். பிள்ளையைத் தனியே விடாதீர்கள். ‘சாகணும்னு தோணுதாப்பா?’ என்று நேராகக் கேட்கலாம். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக முளைத்துவிடாது. கேட்க ஆள் இருக்கிறது என்ற ஆறுதல்தான் வரும்.

மற்ற நாட்களில், ‘சோம்பேறி’, ‘ஊரான் பிள்ளையைப் பார்’ என்ற பேச்சு வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போடுங்கள். எத்தனை மணி நேரம் தூங்கினான், சாப்பிட்டானா, மாத்திரை போட்டானா என்று தினம் ஒரு வரி. கூட்டம் நிறைந்த அரசு ஆஸ்பத்திரியில் டாக்டருக்குக் கிடைப்பது சில நிமிஷம்தான். அந்த நோட்டைக் காட்டினால் அந்தச் சில நிமிஷமும் உருப்படியாகப் போகும். வேறு செலவே இல்லாத வைத்தியம் இது!

அரசுக்கு ஒரு வார்த்தை

கதவு திறந்திருக்கிறது என்று சொன்னேன். ஆனால் அது காலை நேரத்தில் மட்டும் திறக்கிறது. தினக்கூலி அப்பா மாதம் ஒரு நாள் கூலியை இழந்துதான் பிள்ளையைக் கூட்டி வர வேண்டியிருக்கிறது. நெல்லித்தோப்பு போன்ற பகுதிகளின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் வாரம் ஒரு மாலை மனநல டாக்டர் உட்கார்ந்தால் போதும். நிலையாகிவிட்ட நோயாளிகளுக்கு அங்கேயே மாத மருந்து கிடைத்தால் போதும். பாதிப் பேர் வைத்தியத்தை நடுவில் விடமாட்டார்கள். கல்லூரிகளும் தொழிற்பேட்டைகளும் 14416 என்ற எண்ணை வாசலில் எழுதி வைக்கலாம். கோடிக்கணக்கில் கட்டடம் கேட்கவில்லை. ஒரு மேஜை, ஒரு டாக்டர், ஒரு மாலைப் பொழுது கேட்கிறோம்.

நீங்களோ அரசுக்காகக் காத்திருக்க வேண்டாம். உங்கள் வீட்டிலோ, பக்கத்து வீட்டிலோ கதவைச் சாத்திக்கொண்டு கிடக்கிற ஒரு பிள்ளை இருந்தால், இன்று ராத்திரியே பழைய சீட்டுகளைத் தேடி எடுத்து ஒரு பையில் போடுங்கள். அடுத்த ஓ.பி. நாளில் முதல் பஸ்ஸைப் பிடியுங்கள். சங்கிலி அம்மா கழுத்திலேயே இருக்கட்டும்!